மழைமானியின் பற்றரிக்கு ஒரு செக்ரோல்
மின்செலவுத் தரவைக் கணினி நிரலால் கணக்கிடும் பாடம்



பூனாகலை மக்களுக்கு மழையைப் பற்றி நாம் புதிதாக எதுவும் சொல்லவேண்டியதில்லை. 2023 மார்ச் 19 ஆம் திகதி இரவு கபரகலைப் பிரிவில் மண் சரிந்தபோது, பல குடும்பங்கள் லயன் காம்பராக்களை விட்டு, கட்டிய துணியோடு வெளியேறின. அதற்கு முன்னர் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்தன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல ஊர்களில் அறுந்துபோயின.

இடம்பெயர்ந்த பின்னரும் நமது வாழ்க்கை அந்த மலையை விட்டுப் போய்விடவில்லை. இரவில் தற்காலிக இடத்தில் படுத்தாலும், விடிந்தால் கொழுந்துக்குப் போகிறோம். பழைய லயத்துக்குப் பக்கத்தில் போட்ட போஞ்சி, கோவா, லீக்ஸ் பாத்தியைப் பார்க்கப் போகிறோம். இன்று போகலாமா, போகக்கூடாதா என்பதே நமது நாளாந்தக் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் மலைகளில் தானியங்கி மழைமானிகள் நிறுத்தப்படுகின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இவற்றை நிறுவி, கிடைக்கும் அளவைக் கொண்டு எச்சரிக்கை விடுகிறது.

கருவி நல்லதுதான். ஆனால் அதற்கும் சாப்பாடு வேண்டும். அதன் சாப்பாடு பற்றரி. கடும் மழை பெய்யும் மூன்றாம் இரவில் அந்தப் பற்றரி உயிரோடு இருக்குமா? இதை ஊகத்தால் சொல்ல முடியாது. கணக்கால் சொல்ல முடியும். அந்தக் கணக்கைப் போடும் முறையையே இந்த இதழில் படிக்கப்போகிறோம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மழைமானியின் மேலே ஒரு புனல். அதன் கீழே ஊஞ்சற் பலகை போல இரு பக்கமும் சாயும் சிறிய வாளி. பல கருவிகளில் 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை வாளி கவிழும். அப்படியானால் 75 மில்லிமீற்றர் மழைக்கு 375 தடவை கவிழவேண்டும். உள்ளேயுள்ள சிறு மின்சுற்று ஒவ்வொரு கவிழ்தலையும் எண்ணி, கையடக்கத் தொலைபேசி வலையமைப்பின் வழியாக அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும்.

இந்தக் கருவிக்கு ஒரு நாளில் மூன்று நிலைகள் உண்டு.

முதலாவது, தூக்கம். நாளின் பெரும் பகுதி இதுதான். மிகச் சிறிதளவு மின்னே செலவாகும்.

இரண்டாவது, விழித்து அளத்தல். சில செக்கன்கள் மட்டும் விழித்து, எண்ணிக்கையையும் பற்றரியின் நிலையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளும்.

மூன்றாவது, செய்தி அனுப்புதல். தொலைபேசி வலையமைப்பைத் தேடிப் பிடித்து, இணைந்து, அனுப்பி முடிக்கும்வரை மின் அதிகமாகச் செலவாகும். இத்தகைய சில தொலைபேசி இணைப்பிகள் அனுப்பும்போது கண நேரத்துக்கு 2 அம்பியர் வரை இழுக்கக்கூடியவை.

பற்றரி எத்தனை நாள் வரும் என்பது இந்த மூன்று நிலைகளிலும் கருவி எவ்வளவு நேரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டு அளவுகளைத் தெரிந்துகொள்வோம்

குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒன்று. தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இன்னொன்று. மின்னிலும் அப்படியே. ஓடும் வேகத்தை மில்லி அம்பியரில் சொல்கிறோம். பற்றரியின் கொள்ளளவை மில்லி அம்பியர் மணியில் சொல்கிறோம். 100 மில்லி அம்பியர் வீதம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 100 மில்லி அம்பியர் மணி செலவாகும். அதே 100 மில்லி அம்பியர் 36 செக்கன் மட்டும் ஓடினால், மணித்தியாலத்தில் நூறில் ஒரு பங்குதான் ஓடியிருக்கிறது. ஆகவே செலவு 1 மில்லி அம்பியர் மணி.

பற்றரியின் மேலே 2600 என்று எழுதியிருந்தால் முழுவதையும் நம்பிக் கணக்குப் போடக்கூடாது. பற்றரி பழையதாகும்போது கொள்ளளவு குறையும். குளிரிலும் சற்றுக் குறையும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்குக் கழிப்பதைப்போல, இங்கேயும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவோம். 2600 இல் 2080 மட்டுமே நமது கணக்குக்கு வரும்.

தரவை எடுத்தல்

பற்றரிக்கும் கருவிக்கும் இடையில் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிறு மானியைப் பொருத்தினால், அது நேரத்தையும் மின்னோட்டத்தையும் வரிவரியாக ஒரு கோப்பில் எழுதும். உதாரணத்துக்கு நான்கு வரிகள்:

6.00.00 மணி, 0.1 மில்லி அம்பியர்
6.00.01 மணி, 10 மில்லி அம்பியர்
6.00.02 மணி, 10 மில்லி அம்பியர்
6.00.03 மணி, 0.1 மில்லி அம்பியர்

கருவி தூங்கிக்கொண்டிருந்தது, இரண்டு செக்கன் விழித்தது, மீண்டும் தூங்கியது என்று இந்த நான்கு வரிகளைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

இங்கே இரண்டு கவனங்கள் அவசியம். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அளந்தால், இடையில் இரண்டு செக்கன் விழித்தது கோப்பில் விழாது. செலவு உண்மையிலும் குறைவாகத் தெரியும். ஆகவே செக்கனுக்கு ஒரு தடவையாவது அளக்கவேண்டும். அடுத்து, மானி மிகச் சிறிய ஓட்டத்தையும் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் ஏலக்காயை நிறுக்க முடியாது. தூக்கநேர ஓட்டத்தை அந்த மானி வெறும் பூச்சியமாகக் காட்டினால் கணக்குத் தவறும்.

செக்கனுக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு 86,400 வரிகள். இதைக் கையால் கூட்ட முடியாது. அதனால்தான் நிரல் தேவைப்படுகிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தன் மொழி பாடத்திட்டத்திலேயே உண்டு. கீழேயுள்ள படிகளை அவர்களிடம் கொடுத்தால், முப்பது வரிக்குள் நிரலாக எழுதிவிடுவார்கள்.

நிரலின் படிகள்

தோட்டத்தில் செக்ரோல் போடும் முறை நமக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் யார் வேலைக்கு வந்தார், முழுப்பேரா அரைப்பேரா என்று பதிவார்கள். மாத முடிவில் பேர் பேராகக் கூட்டிச் சம்பளம் கணிப்பார்கள். நிரலும் அதையே செய்கிறது. இங்கே வேலைக்கு வருபவர்கள் மூவர்: தூக்கம், அளத்தல், அனுப்புதல்.

1. கோப்பைத் திற. மூன்று பெயர்களுக்கும் ஒவ்வொரு கணக்கை ஆரம்பித்து, அவற்றில் பூச்சியம் எழுது.

2. ஒரு வரியை வாசி. அடுத்த வரியின் நேரத்திலிருந்து இந்த வரியின் நேரத்தைக் கழி. இடைப்பட்ட செக்கன்கள் கிடைக்கும்.

3. அந்த இடைவெளி 5 செக்கனுக்கு மேற்பட்டால் அங்கே தரவு விடுபட்டிருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல், விடுபட்ட நேரம் என்று தனியாகக் குறி.

4. மின்னோட்டத்தைச் செக்கன்களால் பெருக்கு.

5. மின்னோட்டம் 1 மில்லி அம்பியருக்குக் குறைவானால் தூக்கத்தின் கணக்கில் சேர். 1 முதல் 50 வரையானால் அளத்தலின் கணக்கில் சேர். 50 ஐத் தாண்டினால் அனுப்புதலின் கணக்கில் சேர்.

6. கோப்பு முடியும்வரை 2 ஆம் படிக்குத் திரும்பிச் செல்.

7. மூன்று கணக்குகளையும் 3600 ஆல் வகு. இப்போது அவை மில்லி அம்பியர் மணியாகிவிடும்.

8. மூன்றையும் கூட்டினால் ஒரு நாள் செலவு. 2080 ஐ அந்தச் செலவால் வகுத்தால் பற்றரி தாங்கும் நாட்கள்.

5 ஆம் படியிலுள்ள எல்லைகள் கருவிக்குக் கருவி மாறும். முதலில் சில நூறு வரிகளைக் கண்ணால் பார்த்து, எந்த அளவுகள் கூட்டமாக வருகின்றன என்று அறிந்த பின்னரே எல்லைகளைத் தீர்மானிக்கவேண்டும். 3 ஆம் படியையும் அலட்சியம் செய்யவேண்டாம். விடுபட்ட நேரம் அதிகமானால், வரும் விடையை நம்பமுடியாது.

மூன்று நாட்களின் கணக்கு

கணக்கை விளக்குவதற்காக நாம் ஒரு மாதிரிக் கருவியை எடுத்துக்கொள்வோம். தூக்கத்தில் 0.1, அளக்கும்போது 10, அனுப்பும்போது சராசரியாக 100 மில்லி அம்பியர். ஒருமுறை அளக்க 2 செக்கன். ஒருமுறை அனுப்ப 30 செக்கன்.

வெயில் நாள்: 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது, மணிக்கு ஒருமுறை அனுப்புகிறது. தூக்கத்துக்கு 2.4, அளத்தலுக்கு 0.8, அனுப்புதலுக்கு 20. மொத்தம் 23.2 மில்லி அம்பியர் மணி. 2080 ஐ இதனால் வகுத்தால் ஏறக்குறைய 90 நாட்கள். மூன்று மாதம் தாங்கும் என்று எல்லோரும் மகிழ்ச்சியடைவார்கள்.

மழை நாள்: மழை கூடியதும் நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கவும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பவும் கருவிக்குக் கட்டளை இருக்கிறது. அனுப்புதல் 288 தடவை. தூக்கத்துக்கு 2.1, அளத்தலுக்கு 8, அனுப்புதலுக்கு 240. மொத்தம் ஏறக்குறைய 250. பற்றரி 8 நாட்கள் தாங்கும்.

மழையோடு சிக்னலும் குறைந்த நாள்: பள்ளத்தாக்கில் சிக்னல் ஏற்கெனவே மெலிந்தது. தொலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் இன்னும் தூரத்துக் கோபுரத்தைத் தேடவேண்டும். ஒருமுறை அனுப்ப 30 செக்கன் போதாமல் 90 செக்கன் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புதலுக்கு மட்டும் 720. அளத்தலையும் தூக்கத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 730. பற்றரி மூன்று நாள் நிறைவதற்கு முன்னரே முடிந்துவிடும்.

அதே கருவி, அதே பற்றரி. வெயிலில் 90 நாள். நமக்குத் தேவைப்படும் வேளையில் 3 நாள்கூட இல்லை. சராசரி நாளின் கணக்கைக் காட்டி எவரேனும் உறுதி சொன்னால், மோசமான நாளின் கணக்கு எங்கே என்று நாம் கேட்கவேண்டும்.

சூரியத் தகடு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அடைமழையில் வானம் இருண்டு, மலையில் மூடுபனி இறங்கி நிற்கும் நாட்களில் தகடு கொடுக்கும் மின் மிகச் சொற்பம். ஆகவே மழை நாள் கணக்கில் தகட்டைப் பூச்சியமாக வைத்தே கணிக்கவேண்டும். அது ஏதாவது கொடுத்தால் கைக்காசு என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு காட்டும் பரிகாரங்கள்

செலவு எங்கே என்று தெரிந்தால் சிக்கனத்துக்கும் வழி தெரியும். மழை நாளில் செலவின் பெரும் பகுதி அனுப்புதலில் போகிறது. 5 நிமிடத்துக்குப் பதிலாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று அளவுகளைச் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பினால், சிக்னல் குறைந்த நாளிலும் அனுப்புதல் 720 இலிருந்து 240 ஆகக் குறையும். பற்றரி மீண்டும் 8 நாட்கள் தாங்கும். ஆபத்து எல்லையை மழை தாண்டினால் மட்டும் நேரம் பாராமல் உடனே அனுப்பவேண்டும் என்று கட்டளையிடலாம். இணைப்புக் கிடைக்காவிட்டால் விடாமல் தேடாமல், குறித்து வைத்துக்கொண்டு அடுத்த தடவை சேர்த்து அனுப்பவும் சொல்லலாம்.

இனித் தூக்கத்தின் கணக்கைப் பாருங்கள். சில மின்சுற்றுப் பலகைகளில் ஒரு சிறு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். மின்னழுத்தச் சீராக்கியும் சும்மா மின்னைக் குடிக்கும். இரண்டும் சேர்ந்து 5 மில்லி அம்பியர் என்றால், ஒரு நாளைக்கு 120 மில்லி அம்பியர் மணி வீணாகிறது. வெயில் நாளில் 90 நாள் தாங்கவேண்டிய பற்றரி 15 நாளில் தீர்ந்துவிடும். மழை வரும்போது அது ஏற்கெனவே பாதி வயிற்றோடு நிற்கும். நிரல் காட்டும் தூக்கக் கணக்கு பெரிதாக இருந்தால் இந்த விளக்கையும் சீராக்கியையும் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இன்னொரு விடயம். லிதியம் பற்றரி நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 4.2 வோல்ற்று காட்டும், நடுவில் 3.7 அளவு. மேலும் இறங்கியபின் தொலைபேசி இணைப்பி திடீரென அதிக மின் இழுத்தால், மின்னழுத்தம் சட்டென்று விழுந்து கருவி நின்று மறுபடி தொடங்கும். தொடங்கியதும் மீண்டும் வலையமைப்பைத் தேடும், மீண்டும் விழும். பற்றரியில் கொஞ்சம் மின் மிச்சமிருந்தும் செய்தி போகாது. தரவில் ஒரே உயரத்துக்கு அடுத்தடுத்து எழும்பி விழும் வரிகளைக் கண்டால் இதுவே நடக்கிறது என்று அறியலாம்.

மூணாற்றின் அனுபவம்

கேரளத்தின் மூணாறும் நம்மைப்போன்ற தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் தேயிலை மலைதான். அங்கே அந்தோணியார் காலனியில் 2005 இல் மண்சரிவு ஏற்பட்டது. பின்னர் அமிர்த விஸ்வ வித்யாபீடம் என்னும் பல்கலைக்கழகம் அங்கே நிலத்துக்குள் உணரிகளைப் புதைத்து, கம்பியில்லா வலையமைப்பை அமைத்தது. 2009 ஜூலை மழையின்போது அதன் தரவைக் கொண்டு எச்சரிக்கை விடப்பட்டது. மின்னைச் சேமிக்க அவர்கள் கைக்கொண்ட வழி நாம் மேலே கண்டதைப் போன்றதே: ஆபத்துக் குறைந்த வேளையில் அரிதாக அளப்பது, எல்லையைத் தாண்டினால் அடிக்கடி அளப்பது.

அதே மூணாற்றுப் பக்கத்தில் பெட்டிமுடி என்னும் இடத்தில் 2020 ஆகஸ்ட் 6 ஆம் திகதி இரவு மண் சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைபேசித் தொடர்பு ஏற்கெனவே அறுந்திருந்ததால், மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி போனது. மின்னும் சிக்னலும் மழையோடு சேர்ந்து போய்விடும் என்பதை இந்தச் சம்பவம் நமக்குச் சொல்கிறது.

கருவி பேசாவிட்டால்

ஆகவே ஒன்றை மனதில் பதித்துக்கொள்வோம். மழைமானியிலிருந்து செய்தி வரவில்லை என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. கடும் மழையில் செய்தி நின்றால் அதையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

அப்போது கைவசம் இருக்கவேண்டியது பற்றரியே தேவைப்படாத சாதாரண மழைமானி. அடி தட்டையான, பக்கங்கள் நேராக நிற்கும் ஒரு பாத்திரமும் அடிமட்டமும் இருந்தால்கூட ஓரளவு போதும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெளியிடத்தில் வைத்து நேரம் குறித்து அளக்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொள்ளும் எல்லைகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானமாக இருக்கவேண்டும். 100 ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 ஐத் தாண்டினாலோ வெளியேறவேண்டும்.

அளவு குறைவாயிருந்தாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் கீறல், மரங்கள் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றைக் கண்டால் எவருடைய செய்திக்கும் காத்திருக்கவேண்டாம். வெளியேறிய பின்னர் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அறிவியுங்கள். மீரியபெத்தைக்கு 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தும், 2014 இல் மக்கள் அங்கேயே இருந்தார்கள். போவதற்கு வேறு இடமில்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்கும் நமது கோரிக்கையை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது. அந்த வீடு கிடைக்கும்வரை, நமக்கு மேலேயுள்ள மலையைக் காவல் காக்கும் கருவியின் கணக்கைத் தெரிந்துகொள்வது நமது உரிமை.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் இடத்துக்கு அண்மையில் தானியங்கி மழைமானி எங்கே இருக்கிறது? அதைப் பராமரிப்பவர் யார்?

2. சூரிய வெளிச்சம் இல்லாத மழை நாட்களில் அந்தக் கருவி எத்தனை நாள் தாங்கும்? பற்றரியின் மின்னழுத்தம் செய்தியோடு சேர்ந்து வருகிறதா? பிரதேச செயலகத்தில் கேட்பதற்கு மூவரைத் தெரிவுசெய்யுங்கள்.

3. மேலேயுள்ள மாதிரிக் கருவி, சிக்னல் குறைந்த மழை நாளில், 30 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அனுப்பினால் பற்றரி எத்தனை நாள் தாங்கும்? பிள்ளைகளோடு சேர்ந்து கணித்துப் பாருங்கள். (விடை: ஏறக்குறைய 16 நாட்கள்.) அப்படி அரை மணித்தியாலம் காத்திருப்பது உங்கள் மலைக்குப் பொருந்துமா?

4. கருவி பேசாத இரவில் கைமழைமானியைப் பார்ப்பவர் யார்? லயம் லயமாகத் தட்டி எழுப்புபவர் யார்? முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் தூக்கிச் செல்பவர் யார்? பெயர்களை எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.